முன்பக்கம் இரண்டரை அங்குலம்

…மோந்து பார்க்கிறதாம், மண்ணை மோந்து பார்க்கிறதாம், அதைத் தேவாலய வாசலில் வைத்து முந்நூறு பேர் காதில் விழும்படி சொல்கிறான், சரி, முப்பது பேர்தான், ஆனால் மச்சினன் டாயிலின் தொண்டைக்கு ஒக்லஹோமா போதாது, எல்லை தாண்டி டெக்சஸில் மேய்கிற மாடுகளெல்லாம் அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் தலைதூக்கியிருக்கும், "என்ன அத்தான், உங்க வண்டி மண்ணை மோந்து பாக்குது, எலும்பு கிலும்பு பொதைச்சு வெச்சிருக்கீங்களா?"… அதற்கு ஒலீட்டாவும் சிரித்தாளே, கட்டின புருஷன் பக்கத்தில் நிற்கிறான் என்கிற நினைப்புகூட இல்லாமல், தம்பி வாயைத் திறந்தால் போதும் அவளுக்கு… இப்போது, தன் வீட்டு முற்றத்தில், வெர்லின் பிக்கப் வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றி டாயிலின் கால்விரலுக்கு அரை அங்குலம் தள்ளி விழும்படி உருட்டிவிட்டான், விரல்மேலேயே விழுந்திருக்கலாம், காற்று கெடுத்துவிட்டது, இந்த ஊர்க் காற்று ஒருநாளும் அவன் பக்கம் நின்றதில்லை. மூக்கு தாழ்ந்த வண்டி. பதினோரு வருடம் குழாய்ப்பாதை வேலைக்கு ஓடிய வண்டி, அதற்கு எப்போது தலை குனிந்தது? ஐந்து வாரத்துக்கு முன்னால் வரை நிமிர்ந்துதானே நின்றது, ஐந்து வாரம்… அந்த ஐந்து வாரக் கணக்கு எங்கே போய் முடியும் என்று தெரியும், அங்கே போக வேண்டாம், அங்கே அந்தச் சோதனை அதிகாரி நிற்கிறான், வெர்லினின் காலணியை விட வயதில் இளையவன், அவன் குழாய் வெல்டைச் சுண்டுவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, பெரியவரே, இதை இன்னொரு தடவை செய்யலாமே என்றான், பெரியவரே! வெல்டிங் முகமூடியைக் கழற்றி அவன் வண்டிக் கூரைமேல் வீசியதும், இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று கத்தியதும், கத்தின சூடு ஆறுவதற்குள் மறுநாள் காலை வெல்டிங் மெஷினை டாயிலுக்கே விற்றதும்… போதும்.

மூக்கைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். முன் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு தடித்த உலோக வில்லை வைத்து இறுக்கினால் வண்டி சமமாகிவிடும், அதைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம், கல்யாணத்துக்குப் பெண் தேட அவனுக்கு இரண்டு நாள்தான் ஆயிற்று. தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு முன்னால் முப்பத்தாறு அங்குலம், பின்னால் முப்பத்தெட்டரை, நாற்பது தடவை அளந்தான், அளவு நாடாவே சலித்துப்போய்ச் சுருள மறுத்தது. உதிரிப்பாகக் கடைக்காரன் பல்குச்சியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே ரெண்டா, ரெண்டரையா, மூணா, அலுமினியமா, இரும்பா என்று அடுக்கினான், வெல்டு வைத்த கை அலுமினியத்தைத் தொடுமா, இரும்பு என்றான் வெர்லின், அப்போது பார்த்து அங்கே வந்து நின்ற டாயில், எதற்கு வந்தான், பின்தொடர்ந்து வந்தானா, தாழ்ந்த குரலில், டாயிலுக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது, "இப்ப எதுவும் போடாதீங்க அத்தான். கொஞ்ச நாள் போகட்டும்" என்றான். வயிற்றெரிச்சல்! என் வண்டி நிமிர்ந்தால் அவனுக்கு என்ன நட்டம்? இரண்டு போதும் என்று நினைத்திருந்தவன் அந்தச் சொல்லுக்காகவே இரண்டரை வாங்கினான்.

இன்று காலை அழைக்காமலே வந்து நிற்கிறான், அக்கா கையால் வறுத்த வெண்டைக்காயைத் தட்டு நிறையத் தின்றுவிட்டு, அவன் வண்டி வாசலில், அதன் முதுகில் என் மெஷின்… என் மெஷின் இல்லை, அவன் மெஷின். அந்த வண்டி எப்படி நிற்கிறது பார், மேசைபோல, ஒரு வில்லையும் வைக்காமல். வெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடப்பாரையைச் சக்கரத்தைத் தாங்குகிற கீழ் இரும்புக்கைக்குள் செருகினான், அசையவில்லை, எருமை படுத்ததுபோல் அசையவில்லை, வில்லை உள்ளே போக வேண்டுமென்றால் அந்தக் கை தாழ வேண்டும், தாழ வேண்டுமென்றால் அதன்மேல் எடை வேண்டும், இந்த மாவட்டத்தில் அந்த அளவு எடை ஒருவனிடம்தான் இருக்கிறது.

"அத்தான், உங்ககிட்ட ஒண்ணு…"

"மொதல்ல இதுமேல ஏறு. உன்னால ஆகுற காரியம் இது ஒண்ணுதான்."

"ஏறினா போதுமா, ஆடிக் காட்டணுமா?"

"மூச்சுவிடாம நில்லு. நீ மூச்சுவிட்டா வண்டி ஜாக்கியோட பறந்துடும்."

ஏறி நின்றான். தாழ்ந்தது. வில்லை உள்ளே போனது, மேலே மூன்று மரைகள், கீழே ஒன்று, ஸ்பேனரை ஒவ்வொரு சுற்றிலும் டாயிலின் கழுத்தைத் திருகுவதாக நினைத்துத் திருகியதில் மரைகள் இனி பிரளயத்துக்கும் கழலாது. அடுத்த பக்கமும் அப்படியே. நடுவில் டாயில் இன்னும் இரண்டு தடவை வாயைத் திறந்தான், இரண்டு தடவையும் அடைத்தாயிற்று, ஒருமுறை வயிற்றைச் சொல்லி, ஒருமுறை வேலைத்திறத்தைச் சொல்லி, இரண்டாவதற்கு மட்டும் ஏன் முகம் அப்படிப் போனது? வழக்கமாக ஒன்றுக்கு நான்காகத் திருப்பித் தருகிறவன்… நடிப்பு. சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டியின் நெற்றிமேல் ரசமட்டத்தை வைத்தான் வெர்லின். குமிழி ஓடியது, தயங்கியது, இரண்டு கோட்டுக்கும் நட்ட நடுவில் நின்றது. இனி யாராவது மோந்து பார்க்கிறது என்று சொல்லட்டும், பல் முப்பத்திரண்டும்…

"நான் வெல்டு வெச்ச ரெண்டு ஜாயின்ட் எக்ஸ்ரேல தோத்துப்போச்சு அத்தான்" என்றான் டாயில், கழற்றிக் கையில் வைத்திருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டே. "இன்னொண்ணு போச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அந்த மெஷின் நான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது. திங்கக்கிழமை நீங்க வேலைக்கு வாங்களேன்… அதை உங்க வண்டியிலயே ஏத்திடலாம். அக்காகிட்ட இன்னும் சொல்லல."

சிரி, இப்போது சிரி, இதற்காகத்தானே ஐந்து வாரம் காத்திருந்தாய், தேவாலய வாசலில் முந்நூறு பேரையும் கூட்டிவைத்துச் சிரி… சிரிப்பு தொண்டைவரை வந்தது, வந்த இடத்திலேயே வேறொன்றாக மாறியது, "எண்ணெய் மாத்துனியாடா, கழுதை? அதோட இன்ஜினுக்கு எண்ணெய் மாத்துனியா?" என்று கேட்டது யார், அவன்தானா, ஏன் கேட்டான்? டாயில் தலையை ஆட்டினான், மாற்றினேன் என்றா, இல்லை என்றா, கழுதைக்கு ஆட்டக்கூட வராது. வெர்லினின் பார்வை தன் வண்டியின் பின்பகுதிக்குப் போனது, போகாதே என்றாலும் போனது, அங்கே மெஷின் இருந்த இடம், சுற்றிலும் செந்துரு, நடுவில் மட்டும் புதுத்தகரமாக ஒரு நீள்சதுரம், நான்கு மூலையிலும் நான்கு துளை. அதில் மெஷின் மறுபடி உட்கார்ந்தால் பின்பக்கம் தாழும், இரண்டரை அங்குலம் தாழும், இந்த நிமிர்ந்த மூக்கு வானத்தைப் பார்க்கும், திங்கட்கிழமை குழாய்ப்பாதை முழுக்கச் சிரிக்கும், அந்த அதிகாரிப் பையனும் சிரிப்பான், மரைகளோ பிரளயத்துக்கும்… போடாதீங்க அத்தான் என்றானே, அன்றே இதைக் கேட்க வந்து கேட்க முடியாமல்தான்… முப்பத்தாறு. முன்பக்கம் முப்பத்தாறு அங்குலம். வண்டி வாங்கிய அன்றும் அதே முப்பத்தாறு இல்லையா? அப்படியென்றால் மூக்கு தாழவே இல்லை, ஒருநாளும் தாழவில்லை, பின்னால் இருந்தது போனதால் பின்பக்கம்தான் எழுந்து… ஜாக்கியின் கைப்பிடி இன்னும் கையில் இருந்தது, டாயில் தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றான், காற்று ரசமட்டத்தை லேசாக உலுக்கியது, குமிழி மட்டும் அந்த நடுவை விட்டு நகர மாட்டேன் என்றது.