நடு வயலுக்கு வழி இல்லை

மாடா டிராக்டரா என்று பேச்சு எழுந்தால், ஏரல் பக்கத்தில் சுடலைக்கண்ணுவை யாரும் ஜெயித்ததில்லை. டிராக்டர் சாணி போடுமா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்குமா என்று டீக்கடையில் வரிசையாக அடுக்குவார். போன வருஷம் செந்தில்வேல் தன் உழவு மாடுகளை விற்றபோது, "டீசல் நாத்தம் அடிக்குற சோறுதாம்ல இனி ஒனக்கு" என்று ஊர் கேட்கக் கேலி செய்தவர் அவர்.

அப்படிப்பட்ட சுடலைக்கண்ணுவே பங்குனியில் தன் ஜோடி மாடுகளையும் விற்றார். இருபது நாள் உழவுக்கு வருஷம் முழுக்கத் தீனி. தண்ணீரும் வைக்கோலும் சுமந்தே மனைவி சண்முகத்தாயின் முதுகு போய்விட்டது. லாடம் அடிக்க ஆள் தேடிச் சாத்தான்குளம் வரை அலைய வேண்டும். விற்றது சரிதான், விற்றேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. கேட்டவர்களிடம், "மச்சினன் தோட்டத்துல நிக்கி, பிசான உழவுக்கு வந்துரும்" என்று சமாளித்தார்.

ஐப்பசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அவருடைய வயல் நடுவில் கிடக்கிறது, சுற்றிலும் அடுத்தவர் வயல்கள். மாடென்றால் ஒற்றையடி வரப்பில் போய்விடும். டிராக்டர் என்றால் முன்னால் உள்ள செந்தில்வேலின் வயலுக்குள் இறங்கித்தான் போயாக வேண்டும். உள்வயல்காரர் டிராக்டர் விடப்போவதாகச் சொல்லிவிட்டால், அவர் உழுது முடிக்கும்வரை முன்வயல்காரர் நாற்று நட மாட்டார். அதுதான் அங்கே வழக்கம். சுடலைக்கண்ணு நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். நடுவில் இரண்டு நாள் சண்முகத்தாயின் முதுகு வலிக்காகத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்த மறுநாள் காலையில் டிராக்டரோடு போனவர் ரோட்டிலேயே நின்றுவிட்டார். செந்தில்வேலின் வயல் முழுக்க நட்டுக் கிடந்தது.

"நட்ட பயிர மிதிச்சு ஓட்ட மாட்டேன் அண்ணாச்சி" என்று டிரைவர் இன்ஜினை அணைத்தான்.

சத்தம் கேட்டு மடையிலிருந்து செந்தில்வேல் வந்தான். "டிராக்டரு எதுக்கு அண்ணாச்சி? மாடு எங்க?"

"வித்துட்டேன்."

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தார். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"மாடு வரப்புல போயிரும்னுலா நட்டேன்" என்றான் அவன். "ஒரு வார்த்த சொல்லிருந்தீயன்னா நாலு நாளு பொறுத்திருப்பேனே."

டிராக்டர் திரும்பிப் போனது. கேட்டு வாங்க ஊரில் வேறு உழவு மாடும் இல்லை, கடைசி ஜோடி அவருடையதுதான். செந்தில்வேல் அறுக்கும்வரை நடு வயலுக்கு வழி கிடையாது. நாற்றங்காலில் அவர் விட்டிருந்த நாற்று அதற்குள் முற்றிப் பாழாகிவிடும். வீட்டுச் சோற்றுக்கு இருந்ததே அந்த ஒரு வயல்தான்.

வீட்டில் சண்முகத்தாய் கேட்டுவிட்டு அழுதாள். "என் முதுகுக்காகத்தான வித்தீய. எல்லாம் என்னாலதான்."

"ஒன் முதுகு இல்லளா" என்றார் சுடலைக்கண்ணு. "எல்லாம் என் வாயி."