அப்பாவின் கட்டைவிரல்

மூன்று வாரமாகப் பெரியவளுக்கு அப்பாவின் கட்டைவிரல்மேல் சந்தேகம்.

நீச்சல் குளத்தில் அவர்தான் பயிற்சியாளர், ஸ்டாப்வாட்ச் இருப்பதும் அவர் கையில்தான். விசில் ஊதியதும் இருபத்தைந்து மீட்டரை உயிரைக் கொடுத்து நீந்த வேண்டும், ஒரு நிமிடம் மூச்சு வாங்க வேண்டும், மறுபடி பாய வேண்டும். இப்படிப் பன்னிரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அப்பா நேரத்தைக் கத்துவார். பெரியவளுக்கு எப்போதும் பதிமூன்று புள்ளி மூன்று விநாடி. போன மாதம்வரை பதினாலைத் தாண்டிக்கொண்டிருந்த தங்கைக்கு இப்போது பதிமூன்று புள்ளி நான்காம்! ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு ஒருத்தி பெயரைத்தான் அப்பா எழுத முடியும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இந்தக் காக்கைக்குச் சின்னக் குஞ்சு மட்டும்தான் கண்ணில் படுகிறது என்று பெரியவள் பொருமினாள்.

தோள் வலிக்கிறது என்று புளுகிவிட்டு ஒருநாள் கரையில் உட்கார்ந்தாள். துண்டுக்குள் இன்னொரு ஸ்டாப்வாட்ச். தங்கை சுவரைத் தொட்டாள்.

"பதிமூணு நாலு!" என்றார் அப்பா.

துண்டுக்குள்ளும் அதே பதிமூன்று நாலு. அடுத்ததும் அப்படியே. வாட்ச் பழுதோ என்று தட்டிக்கூடப் பார்த்தாள்.

பக்கத்தில் இருந்த லைஃப்கார்டு அண்ணன் சிரித்துவிட்டார். "அப்பாவையே வேவு பாக்குறியா? குடு, நாளைக்கு உன்னோடதைப் பாத்துச் சொல்றேன்."

மறுநாள் பதினொரு பாய்ச்சல் முடிந்ததும் அவள் அவர் பக்கம் நீந்திப் போனாள். அவர் வாட்ச்சை நீட்டினார். பதிமூன்று ஒன்பது.

"லேட்டா நிறுத்திட்டீங்களாண்ணே?"

"இல்லம்மா. எல்லாமே இப்படித்தான் இருக்கு. உனக்கு மட்டும் விசில் ஊதிக் கொஞ்சம் கழிச்சுத்தான் அவர் கட்டைவிரல் அசையுது."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. பெரியவளுக்குக் காதுவரை வெட்கம் சுட்டது. அழுகையும் வந்தது. குளத்தில் இருப்பவள் அழுதால் யாருக்கும் தெரியாது, அந்த மட்டுக்கும் வசதி.

பன்னிரண்டாவது பாய்ச்சல். சுவரைத் தொட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"பதிமூணு மூ..."

"அப்பா, கூட்டிக் குறைக்காம சொல்லுங்க."

அவர் முகம் செத்துவிட்டது. "போன வருஷம் தோள்ல அடிபட்டதுலேர்ந்து நீ சோந்து போயிட்டம்மா. நீச்சலையே விட்டுடுவியோன்னு பயந்துட்டேன்."

"எவ்வளவுப்பா?"

"பதினாலு இருக்கும்."

"ஞாயித்துக்கிழமைக்குத் தங்கச்சி பேரை எழுதுங்க" என்றாள். கண்ணாடியை இறக்கிச் சுவரில் காலை ஊன்றினாள். "இப்ப இன்னொண்ணு நீந்துறேன். சரியா புடிங்க."