இடது காலுக்குப் பாதி வழி

அந்த ஆண்டு ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டிக்கு எபோ அக்வான்சாவின் இடது கால் மட்டும் வந்தது. அக்ரா விமான நிலையத்தில் பயணிகள் எல்லாரும் இறங்கி முடித்த பிறகு, முழங்கால் வரை காலுறையும் பூட்ஸுமாக, தொடைக்கு மேல் ஒன்றுமே இல்லாமல், அது ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கியது. மேளக்காரர்களின் கை அந்தரத்தில் நின்றது. வரவேற்க வெள்ளைப் பவுடர் தூவ வந்த பெண்கள் திறந்த டப்பாவோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அணியின் அதிகாரி குவான்சா மட்டும் சமாளித்துக்கொண்டு முன்னால் போனார். கைகுலுக்க வழியில்லாததால் முழங்காலைத் தட்டிக்கொடுத்து, பேருந்தில் ஜன்னலோர இருக்கையைக் கொடுத்தார். விஷயம் இதுதான்: ஐரோப்பாவில் எபோ ஆடிவந்த கிளப்புக்கு ஜனவரியில் முக்கியமான ஆட்டங்கள் இருந்தன. ஆட்டக்காரரை நாட்டுக்காக விடுவித்தே ஆகவேண்டும் என்று விதி சொன்னது. எவ்வளவு விடுவிக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. எபோ இடது காலால் அடிப்பவன். மீதியைக் கிளப் வைத்துக்கொண்டது. அவனை அவர்கள் மூன்று வருடமாக மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில்தான் உட்காரவைத்திருந்தார்கள், அதற்கு அந்த மீதி போதும்.

இப்படி ஆகும் என்று எபோவின் ஊரான என்சுவானோ கடற்கரையில் சிலர் முன்பே சொல்லியிருந்தார்கள். முதல் கோப்பை கார்ட்டூமில் நடந்தபோது ஆடியவை மூன்றே நாடுகள், ஆட்டக்காரர்கள் முழுசாகப் போய் முழுசாக வந்தார்கள். அறுபத்தாறில் உலகக் கோப்பையில் நமக்கென்று ஓர் இடம்கூட இல்லை என்றதும் கண்டமே போகமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்தது. அந்த வருடம் எல்லாருடைய இரண்டு கால்களும் ஊரிலேயே இருந்தன. அதற்குப் பிறகுதான் பையன்கள் வடக்கே போக ஆரம்பித்தார்கள், குறையவும் ஆரம்பித்தார்கள். என்சுவானோவிலிருந்து முதலில் போன பின்வரிசைக்காரர் பத்து வருடம் கழித்துப் பசி இல்லாமல் திரும்பினார். அடுத்துப் போனவர் சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தார், அவருடைய கல்யாணப் படத்தைப் பார்த்தாலே தெரியும். பசிக்கும் சிரிப்புக்கும் ஊர் பழகிப்போயிருந்தது. கால் என்பதைத்தான் யாராலும் சட்டென்று ஜீரணிக்க முடியவில்லை.

எபோவின் மனைவி எஃபுவா மென்சிமா இந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டபோது கரையோரம் அடுப்பில் மீன் புகைபோட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நாற்பது நாள் அவனோடு இருந்தாள், பிறகு மூன்று வருடம் தொலைபேசியோடு. இந்தக் கோப்பைக்காகவாவது ஆள் வருவான் என்று புதுத் துணி தைத்து வைத்திருந்தாள். தட்டு நிறைய மீன் கரிந்ததைக்கூடப் பார்க்காமல் நின்றாள். ஓய்வு நாளில் கால் முகாமிலிருந்து தானாகப் புறப்பட்டு, கரை மணலில் ஒற்றைத் தடமாகப் பதித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. கணுக்காலில் தூண்டில் முள் கிழித்த தழும்பு அப்படியே இருந்தது. அவனுடையதுதான், சந்தேகமில்லை. மாமியார் அராபா குஞ்சுகளைப் பருந்துக்குக் கொடுக்காமல் காக்கிற கோழிபோலக் காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"என்ன பாத்துட்டு நிக்கிற? வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி குடு. அப்புறம் வந்த சேதி கேளு. ஊர் மொறை தெரியாத மாதிரி."

"எங்க ஊத்துறது, அத்தை? வாயிருக்கா அதுக்கு?"

"பாதத்துல ஊத்து. உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

ஊற்றினாள். தண்ணீர் மண்ணில் ஒரு சொட்டும் விழவில்லை, கால் முழுவதையும் குடித்துவிட்டது. என்ன சேதியாக வந்தீர்கள் என்று முறைப்படி கேட்டாள். கால் அடுப்புப் பக்கம் போய், எபோ எப்போதும் குந்தும் இடத்தில் மடிந்து உட்கார்ந்தது. எஃபுவாவுக்கு அப்போது வந்தது துக்கமல்ல, கோபம்.

முதல் ஆட்டத்தில் எதிரணித் தலைவன் ஆட்சேபித்தான். நடுவர் மைதானத்தின் நடுவில் நின்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பதினொரு பேர் இருக்கவேண்டும், சட்டை எண் இருக்கவேண்டும், பூட்ஸ் போட்டிருக்க வேண்டும். எண்ணைத் தொடையில் கட்டியிருந்தார்கள், பூட்ஸ் இருந்தது. ஆட்டம் நடந்தது. சட்டையைப் பிடித்து இழுக்க முடியாத, தோளால் இடிக்க முடியாத, கண்ணைப் பார்த்து எந்தப் பக்கம் போகும் என்று கணிக்க முடியாத ஆட்டக்காரனை எப்படித் தடுப்பது என்று எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியவில்லை. இறுதி ஆட்டத்தில் கடைசி பெனால்டியைக் கால் அடித்தது, வலை பின்னால் கிழிந்து தொங்கியது. நாடு பித்துப் பிடித்து ஆடியது. அஞ்சல்தலையில் காலைப் போட்டார்கள். பிறந்த குழந்தைகளுக்கு இடதுகால் என்றே செல்லப்பெயர் வைத்தார்கள். கோப்பை முடிந்து கால் வீட்டுக்குத் திரும்பிய அன்று மாலை எபோ தொலைபேசியில் கூப்பிட்டான்.

"கால் எப்படி இருக்கு, எஃபுவா? வீக்கம் இருக்கா?"

"கால் நல்லா இருக்கு. நீ எப்படி இருக்க?"

அவன், பெஞ்ச் ரொம்பக் குளிராக இருக்கிறது என்றான். பிறகு, திங்கள்கிழமைக்குள் கால் திரும்பி வந்தால் இன்னும் மூன்று வருட ஒப்பந்தம், வராவிட்டால் தன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றான். எஃபுவா அடுப்பின் பக்கம் பார்த்தாள். இதை அனுப்பினால் அவன் இன்னும் மூன்று வருடம் வரமாட்டான், அனுப்பாவிட்டால் ஊரே அவளைச் சபிக்கும். அவன் அனுப்பும் பணத்தில் முடியும் என்று மாமியார் காத்திருக்கும் மாடி அறையின் கம்பிகள் மொட்டையாகத் துருத்திக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை குவான்சா காரோடு வந்தார். ஊர்த் தலைவரின் பேச்சாளர் கோலோடு வந்தார், பின்னால் ஊர் வந்தது. விருந்தாளி கிளம்பும்போது வழி கேட்கவேண்டும், தண்ணீர் கொடுத்தவர் வழி கொடுக்கவேண்டும். அது இல்லாமல் எந்த வீட்டிலிருந்தும் யாரும் கிளம்புவதில்லை. காலுக்காகப் பேச்சாளர் வழி கேட்டார். எஃபுவா வாயைத் திறக்கும் முன் குவான்சா குறுக்கிட்டார். தண்ணீரைக் கால் குடித்த கதை அவர் காதுக்கும் போயிருந்தது, சொல்லையும் அது அப்படியே எடுத்துக்கொண்டுவிடும் என்று பயந்தார்.

"அம்மா, சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லிடாத. வழியக் கொடுக்குறதுன்னா முழுசாக் கொடுத்துடு. திங்கக்கெழம அங்க இருக்கணும்."

கூட்டத்திலிருந்து அராபா இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மகனின் கால் போகவேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் அதிகம் ஆசைப்பட்டவள் அவள்தான்.

"முழு வழி பொணத்துக்குக் கொடுக்குறது. இங்க்லீஷ் படிச்சா எல்லாம் மறந்துடுமா? எம்புள்ள கால நீ பொதைக்கப் பாக்குறியா? உயிரோட இருக்கவங்களுக்குப் பாதிதான். மீதிப் பாதி இங்க இருந்தாத்தான் திரும்பி வருவாங்க. நீ சொல்லு, எஃபுவா."

"பாதி வழி தர்றோம்" என்றாள் எஃபுவா. எல்லாரும் சொல்வதுதான். குவான்சா நெற்றியைத் துடைத்துக்கொண்டு காலைக் காரில் ஏற்றினார்.

விமானம் எரிபொருள் போட்டுக்கொள்ளப் பாலைவனத்தில் தின்சாவா என்ற ஊரில் இறங்கியது. கடலுக்கும் கிளப்புக்கும் அதுதான் சரிபாதி. கால் எழுந்து, படியிறங்கி, ஊர்க் கிணற்றடிக்குக் குதித்துக் குதித்துப் போய் நின்றது. விமானப் பணியாளர்கள் நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். பிறகு ஊரார் கயிறு கட்டி இழுத்தார்கள், ஒட்டகம் இழுத்தது. ஆணி அடித்ததுபோல் நின்றது கால். விமானம் அது இல்லாமலே போனது. திங்கள்கிழமை கடந்ததும் கிளப் எபோவின் மீதியை வெளியே அனுப்பியது. அவன் ஊன்றுகோலோடு தின்சாவாவுக்கு வந்து இறங்கினான். பொருத்தியதும் கால் ஒட்டிக்கொண்டது, தழும்புகூட விழவில்லை. ஆனால் அதன் பிறகு அவனாலும் நகர முடியவில்லை. கிணற்றடியில் நின்றபடியே தூங்கினான், நின்றபடியே சாப்பிட்டான். தின்சாவாக்காரர்கள் நல்லவர்கள், தலைக்குமேல் ஒரு பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். தண்ணீர் எடுக்க வந்தவர்கள் குடத்தை அவன் கையில் மாட்டிவிட்டுக் கதை பேசினார்கள்.

குவான்சா மறுபடி என்சுவானோவுக்கு வந்தார். அடுத்த கோப்பைக்கான தகுதிச் சுற்று நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கொண்டுவந்த யோசனையை அவர் எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னார்: காலை மறுபடி பிரித்து, வேரோடு பிடுங்கும் மரம்போல மண்ணோடு தோண்டி லாரியில் கொண்டுவந்துவிடலாம்.

"அவரு?" என்றாள் எஃபுவா.

"அவர மெல்லப் பாத்துக்கலாம்மா. இப்ப அவசரம் காலுக்குத்தான்."

அராபாவே அதைக் கேட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். மாடி அறையைப் பற்றி அவள் அதற்குப் பிறகு பேசவே இல்லை. இந்த மனிதரும் கிளப்காரர்களும் வேறு வேறு ஆட்கள் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தோமே என்று எஃபுவாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. குவான்சாவை உட்காரக்கூடச் சொல்லாமல் வாசலுக்குப் போனாள். அவள் கொடுக்காமல் வைத்துக்கொண்ட மீதி வழி, சொன்ன நாளிலிருந்து அங்கேதான் கிடந்தது. முழ அகலத்தில் செம்மண் பாதை, ஓரத்தில் கொஞ்சம் புல். எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டித்தான் போய்வந்தார்கள். அவள் அதைப் பாய்போலச் சுருட்டிக் கயிற்றால் கட்டினாள், புளித்த மக்காச்சோள மாவில் அவித்த கெங்கி உருண்டைகளையும் புகைமீனையும் ஒரு துணியில் முடிந்தாள், வடக்கே போகும் வெங்காய லாரியில் ஏறினாள்.

தின்சாவாவுக்கு அவள் போய்ச் சேர்ந்தது உச்சி வெயிலில். பந்தலின் கீழ் எபோ நின்றுகொண்டிருந்தான். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, முழுசாக இருந்தான். அவளைப் பார்த்ததும் இத்தனை நாள் எல்லாரும் கேட்டதற்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொன்னது.

"கால் நல்லாத்தான் இருக்கு, எஃபுவா. வலி ஒண்ணும் இல்ல."

"காலப் பத்தி இப்ப யாரு கேட்டா? சாப்பிட்டியா நீ?"

அவன் அழுதான். சின்னப் பிள்ளைபோல, ஊர்க் கிணற்றடியில் எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழுதான். எஃபுவா துணியை அவிழ்த்து, மீனை முள் பார்த்து ஆய்ந்து ஊட்டினாள். அவன் தின்று முடிக்கும்வரை வழியைப் பிரிக்கவில்லை. பிறகு கயிற்றை அவிழ்த்து அவன் பாதத்தருகே உருட்டிவிட்டாள். அது மணலைக் கிழித்துக்கொண்டு தெற்கே சிவப்பாக ஓடியது. முதலில் இடது காலையும் பிறகு வலது காலையும் எடுத்துவைத்து எபோ நடந்தான்.

அவன் அதற்குப் பிறகு இரண்டு கோப்பைகளில் ஆடினான், இரண்டிலும் நாடு தோற்றது. இப்போது என்சுவானோவில் வலை பழுதுபார்க்கிறான், அடுப்புப் பக்கம் குந்திக்கொண்டு மனைவியின் திட்டை வாங்குகிறான். கரையிலிருந்து வடக்கே போகிறவர்கள் யாருக்கும் இப்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் பாதிக்கு மேல் கொடுப்பதில்லை. அதனால் தின்சாவாவின் கிணற்றடியில் எப்போது போனாலும் இரண்டு மூன்று கால்களும் ஏழெட்டு விரல்களும் பந்தைத் தலையால் முட்டும் ஒருவரின் நெற்றியும் நிற்கின்றன. ஊரார் அவற்றுக்கும் பந்தல் நீட்டியிருக்கிறார்கள். மீதி வழியை எடுத்துப்போகும் பெண்களிடம் லாரிக்காரர்கள், அதைக் கூரையில் போட்டால் ஒரு வெங்காய மூட்டைக்கு உண்டான கூலி வாங்குகிறார்கள், மடியில் வைத்துக்கொண்டால் ஒன்றும் வாங்குவதில்லை. போன வாரம் லாரி நிறுத்தத்தில் ஓர் இளம்பெண் சுருட்டிய வழியோடு முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"யாருக்கும்மா?" என்றார் ஓட்டுநர்.

"எங்க அண்ணனுக்கு. கோல்கீப்பர். ரெண்டு கையும் அங்க நிக்குது."

"தூசி பறக்கும், கண்ணாடிய ஏத்திக்க" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.