அணைத்த கருவி சொன்ன பதில்

ரத்தப் பரிசோதனைக் கருவி காலையிலிருந்து கணினிக்கு ஒரு முடிவும் அனுப்பவில்லை. மதியத்துக்குள் மேலாளர் கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்துவிட்டார். ‘என் கவனக்குறைவால் கருவி பழுதடைந்தது.’ கீழே கையெழுத்துக்கு இடம்.

“போட்டுக் குடும்மா. மேலிடத்துல கேக்கறாங்க.”

“நான் கெடுக்கல சார். போட மாட்டேன்,” என்றாள் பரிசோதகர். பதினோரு வருஷமாக அந்தக் கருவியோடு குப்பை கொட்டுகிறவள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

“கூடத்தையும் அளந்து பாத்துருவோம் சார்.”

கேபிளை மாற்றினாள். கணினியை அணைத்துப் போட்டாள். வலைப்பின்னலில் கருவிக்குக் கொடுத்திருந்த எண்ணைக் கணினியில் தட்டிக் கூப்பிட்டால் உடனே பதில் வந்தது. முடிவுதான் வரவில்லை.

“கூப்பிட்டா ஏன்னு கேக்குது, வேலை சொன்னா காது கேக்கல. எங்க வீட்டுக்காரரேதான்க்கா,” என்றாள் மாதிரிகள் கொண்டுவந்த நர்ஸ்.

பரிசோதகர் எரிச்சலில் கருவியின் பிளக்கையே பிடுங்கினாள். கணினித் திரையில் பதில்கள் நிற்கவில்லை. ஒன்று, இன்னொன்று, மேலும் ஒன்று. கையிலிருந்த பிளக்கைப் பார்த்தாள்.

“யாருக்கா பதில் சொல்றது? பேயா?”

“பேய்க்கு ஒயர் எதுக்கு? இதே எண்ணை வேற ஏதோ வச்சிருக்கு.”

ஒயர்கள் கூடும் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். புதிதாக ஒரு நீல ஒயர் வாசலுக்கு ஓடி, விரல் வைக்கும் வருகைப்பதிவு எந்திரத்தில் முடிந்தது. அன்று காலை மேலாளரே மாட்டியது. ஒயரை உருவினாள். திரையில் பதில் நின்றது. கருவிக்கு மறுபடி மின்சாரம் கொடுத்ததும், தேங்கிக் கிடந்த முடிவுகள் வரிசையாக வந்து விழுந்தன.

“இதுக்கு எண் குடுத்தது யாரு சார்?”

“நான்தான். பாத்தப்போ அந்த எண் காலியாதான் இருந்துச்சு.”

“லேப் திறக்கறதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்க. அப்போ என் கருவி அணைஞ்சிருக்கும்.”

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். “சரி, வேலை நடந்துருச்சு. ஒரு கையெழுத்தைப் போட்டுடு, ஃபைல் முடிஞ்சுடும். இல்லேன்னா என் தலை உருளும்.”

“காலையிலேர்ந்து என் தலைதானே சார் உருண்டுது? எழுதணும்னா நடந்ததை நானே எழுதறேன்.”

வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்துப் போட்டு, தேதியை எழுதினாள்.

“எத்தனை மணிக்கு மாட்டினீங்க?”

பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் அவள் காத்திருந்தாள்.