ஒழுகற கார்ல ஆயில் ஏறின கதை

எல்லாரும் எப்படி இருக்கீங்க? கை கால் வலியெல்லாம் தேவலையா? எனக்கு முட்டி அப்பப்ப மக்கர் பண்ணுது. கிளட்ச்ச மிதிக்கறப்ப மட்டும் சமத்தா இருக்கு. உங்க காரெல்லாம் சௌக்கியமா? ஏன் கேக்கறேன்னா, போன வாரம் நம்ம குரூப்ல ஒருத்தர், "காருக்கு அடியில ஆயில் சொட்டியிருக்கு, வித்துடலாமா"ன்னு கேட்டிருந்தார். ஐயா, கொஞ்சம் பொறுங்க. எங்க வீட்ல நடந்ததக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

என் கார் சின்னது. நீலம். இப்ப நான் நீலம்னு சொன்னா நீங்க நம்பித்தான் ஆகணும். வேலையில இருந்து ஓய்வு வாங்கின கையோட என் பேர்ல வாங்கினேன், ஓட்டக் கத்துக்கிட்டதும் அப்பதான். எங்க வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்துல உக்காந்துக்கிட்டு, இல்லாத பிரேக்க அமுக்கிக்கிட்டே வருவார்.

ஊரோட அந்தக் கோடியில என் தங்கச்சி இருக்கா. அவளால பஸ் ஏற முடியாது. புதன்கிழமையானா நான் போய் அவள ஏத்திக்குவேன். ஆஸ்பத்திரி, கடை, ஒண்ணும் இல்லன்னா சும்மா ஏரிக்கரை. யார் முன்னாடியும் போய், "கொஞ்சம் கொண்டு விடறியாப்பா"ன்னு நிக்க வேண்டியதில்ல. கார் போச்சுன்னா இதெல்லாம் போச்சு.

எங்க கட்டடத்துக்குக் கீழ பார்க்கிங். எங்க இடம் சரிவுல வரும், கார் மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கும். ஒரு நாள் காலையில பார்த்தா தரையில உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக் கறை. தொட்டுப் பார்த்தேன், ஆயில். நான் பார்த்ததுல தப்பில்ல, என் பெரிய பையனும் பார்த்துட்டான், அங்கதான் வம்பு. அவன் பக்கத்துத் தெருவுல இருந்தாலும் அவன் காரையும் எங்க பார்க்கிங்லதான் போடுவான். என் கார் மாத்து சாவி ஒண்ணு அவன்கிட்ட இருக்கு.

"அம்மா, இது ஆயுசு முடிஞ்ச கேஸ். வித்துடு"ன்னான்.

"ஒரு கறைக்கா?"

"இன்னைக்குக் கறை. நாளைக்கு நடு ரோட்ல இன்ஜின் பூட்டிக்கும். காருக்கும் வயசாச்சு, உனக்கும் வயசாச்சு."

"உனக்கு மட்டும் என்னடா, முன்னால முடி எங்க?"

அவன் கூட வந்திருந்த மருமக சிரிச்சுட்டா. அவனுக்குக் கோவம். "சரி. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒழுகறது நிக்கணும். நிக்கலன்னா ஆள் கூட்டிட்டு வருவேன்"னுட்டுப் போயிட்டான்.

மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். அவர் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "இன்ஜின கீழ இறக்கணும்மா. உள்ள ஆயில் கசியாம தடுக்கற சீல் போயிருக்கும்"னார். மழை வருமான்னு வானத்தப் பார்த்துச் சொல்ற மாதிரி சொன்னார். எங்க இருந்து ஒழுகுதுன்னு காட்டுங்கன்னேன். "எல்லா இடத்துலயும் ஈரமா இருக்கும்மா, எங்கன்னு சொல்றது?" எங்கன்னு தெரியாம எதுக்கு இறக்கணும்? வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

நானே பார்க்கறதுன்னு முடிவு பண்ணினேன். பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியப் பிரிச்சு காருக்கு அடியில விரிச்சேன். இத நீங்களும் பண்ணுங்க, வெறும் தரையில ஒண்ணும் புரியாது, அட்டையில சொட்டு எங்க விழுதுன்னு பளிச்சுன்னு தெரியும். அப்புறம் ஆயில் அளவு பார்க்கற குச்சி. அத நான் எப்பவும் பெட்ரோல் பங்க்ல, காத்தடிக்கற இடத்துல, சமமான தரையில நிறுத்தி, இன்ஜின் ஆறினப்புறம்தான் பார்ப்பேன். குச்சியில கீழ ஒரு கோடு, மேல ஒரு கோடு. ரெண்டுக்கும் நடுவுல இருந்தா நல்லது.

முதல் நாள் நடுவுல இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா மேல் கோட்டுல நிக்குது. அட்டையப் பார்த்தா முன்னவிட பெரிய வட்டம். இன்னும் ரெண்டு நாள் போச்சு, மேல் கோட்டையும் தாண்டிடுச்சு. அட்டை நனைஞ்சு கிழியுது.

நீங்களே சொல்லுங்க. ஓட்டைக் குடத்துல தண்ணி குறையும், ஏறுமா? கண்ணாடிய மாத்திப் போட்டுப் பார்த்தேன். துணியில துடைச்சு மறுபடி விட்டுப் பார்த்தேன். காத்தடிக்கறவர், "என்னம்மா, குச்சிக்கு ஜுரமா?"ன்னு கேட்டார்.

வீட்டுக்கு வந்து இவர்கிட்ட சொன்னேன். "ஏங்க, ஒழுக ஒழுக ஆயில் ஏறிக்கிட்டே போகுதுங்க."

இவர் பேப்பர முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "நல்லதுதானே, குறைஞ்சாதானே கவலை"ன்னார்.

பேப்பர் தலைகீழா எல்லாம் இல்ல. ஆனா ரொம்ப நேரம் ஒரே பக்கம்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. பெரியவன் சொன்ன மாதிரியே பழைய கார் வாங்கி விக்கற ஒருத்தரக் கூட்டிட்டு வந்துட்டான். எனக்கு முன்னாடியே கீழ போய் மாத்து சாவியப் போட்டு, கார வெளிய தெருவுல சமமா நிறுத்தி, தொடைச்சு வேற வச்சிருக்கான். என் வண்டிய பொண்ணு பார்க்க வந்த மாதிரி அந்த ஆள் சுத்திச் சுத்தி வர்றார். பானெட்டத் தூக்கினார். குச்சிய உருவினார். பார்த்தார். துடைச்சு மறுபடி உருவினார்.

"என்னங்க இது, கழுத்து வரைக்கும் ஊத்தி வச்சிருக்கீங்க?"

"ஆயில் பத்திக் கவலையே வேண்டாம்"னான் பெரியவன். "ஒழுகறதுக்கு ஈடா ஒரு நாள் விட்டு ஒரு நாள் நானே ஊத்திட்டு வர்றேன்."

என் பக்கத்துல நின்ன எங்க வீட்டுக்காரர் மெதுவா, "நீயும் ஊத்தினியா?"ன்னார்.

அந்த ஆள் குச்சியக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பா, நீங்க எதுக்கு ஊத்தினீங்க?"

"குறைஞ்சு போச்சுன்னா நீ வித்துடுவியே. அதான் பார்க்கிங்லயே குச்சி போட்டுப் பார்த்தேன். தினம் கம்மியாத்தான் காட்டுச்சு."

"சரிவுல பார்த்தா கம்மியாத்தாங்க காட்டும்"னேன். இவர் பானெட்டத் தொடவே கூடாதுன்னு நான் சொல்லி வச்சிருந்தேன். ஒரு தடவ கண்ணாடி கழுவற சோப்புத் தண்ணியக் கொண்டு போய் ரேடியேட்டர்ல ஊத்தின மனுஷர். அந்த பயத்துலதான் மூச்சு விடல. "நீ குச்சி பார்த்தியாடா?"

"குச்சி எதுக்கும்மா, தரையிலதான் தெரியுதே. நீ வண்டி ஓட்டறப்ப ஆயில் இல்லாம இன்ஜின் பூட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு ஊத்தினேன்."

ஒருத்தர் விக்கக் கூடாதுன்னு ஊத்தியிருக்கார். இன்னொருத்தன் விக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு ஊத்தியிருக்கான். ரெண்டு பாசத்தையும் என் கார்தான் குடிச்சிருக்கு.

அந்த ஆள் விடல. "அளவுக்கு மேல ஊத்தினா உள்ள அழுத்தம் ஏறி எங்க பலவீனமோ அங்க பிதுக்கிக்கிட்டு வந்துடும். இன்ஜினுக்கே ஆபத்து. விலைய நல்லாக் குறைச்சுக்கணும். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா கார், டாக்சி இருக்கே."

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு வியாபாரம்னு நான் கேட்டேனா? போயிட்டு வாங்க"ன்னேன். அப்படியே பையன் பக்கம் கைய நீட்டினேன். "மாத்து சாவியக் குடு."

"அம்மா..."

"சாவி."

குடுத்துட்டான்.

கார ஸ்டார்ட் பண்ணல. மெக்கானிக்க வீட்டுக்கே வரச் சொன்னேன். அளவுக்கு மேல இருந்த ஆயில எல்லாம் கீழ தட்டு வச்சு வடிச்சார். இன்ஜினுக்கு மேல மூடி மாதிரி இருக்கும், அதுக்கு டேப்பட் கவர்னு பேர். அதுக்கடியில ஒரு ரப்பர் பேக்கிங் காஞ்சு வெடிச்சுப் போயிருந்துச்சு. முதல் கறை அதுல இருந்து வந்தது. மிச்சமெல்லாம் எங்க வீட்டு ஆம்பளைங்க கைங்கர்யம்.

"இன்ஜின இறக்கணும்னீங்களே"ன்னேன்.

"அன்னைக்கு நான் குச்சிய எடுத்தே பார்க்கலம்மா"ன்னு தலையச் சொறிஞ்சார். புது பேக்கிங் போட்டு, இன்ஜின ஓட விட்டுக் கேட்டுப் பார்த்தார். சத்தம் சுத்தமா இருக்குன்னார்.

புதன்கிழமை காலையில கீழ போனா, எனக்கு முன்னாடி பெரியவன் அட்டைக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு இருக்கான். புது அட்டை. அதுல ஒரு மிளகு சைஸுக்கு ஒரே ஒரு சொட்டு.

"பார்த்தியா, நிக்கல. சொன்ன சொல் சொல்தானேம்மா."

"சொன்னது நீ. நான் எப்படா சரின்னேன்?"

எனக்கே அப்பதான் உறைச்சுது. அட்டை விரிச்சு, குச்சி பார்த்து, இவன் வச்ச பரீட்சைய எதுக்கு நான் இத்தனை நாளா எழுதிக்கிட்டு இருந்தேன்? சொட்டே இல்லன்னாதான் என் கார் என்னுதா?

"உன் கார்ல ஏசி தண்ணி தினம் ஒழுகுது. நான் ஆள் கூட்டிட்டு வந்தேனா?"

"அது தண்ணிம்மா."

"இது ஆயில். அதையும் நான்தான் பார்த்துக்குவேன். இது ஒழுகலாமா, எவ்வளவு ஒழுகலாம், எப்ப விக்கறது, எல்லாம் நான் சொல்றதுதான். ஒரு நாள் எனக்குக் கண்ணு சரியில்லன்னா நானே சாவியக் கழட்டி வச்சுடுவேன், அதுக்கும் நீ ஆள் தேட வேண்டாம்."

"வழியில நின்னுட்டா?"

"நின்னா நிக்கட்டும். ஓரமா நிறுத்திட்டு மெக்கானிக்குக்கு போன் பண்றேன். தள்ளு, ரிவர்ஸ் எடுக்கணும்."

தள்ளி நின்னான். கண்ணாடியில பார்த்தேன், இடுப்புல கை வச்சுக்கிட்டு அங்கயே நின்னுக்கிட்டு இருந்தான். எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா நிறுத்தல.

தங்கச்சி ஏறி உக்காந்ததும் மூக்கச் சுருக்கினா. "என்னக்கா, ஏதோ கருகற வாசனை?"

"முன்ன வழிஞ்ச ஆயில் சூட்டுல காயுது. ரெண்டு நாள்ல போயிடும். கண்ணாடிய இறக்கு. எங்க போலாம்?"

"எங்கயாவது தூரமா போக்கா."

போனோம். திரும்பி வர்ற வழியில பங்க்ல நிறுத்திக் குச்சி பார்த்தேன். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல.

இப்ப நீங்க சொல்லுங்க. உங்க காருக்கு அடியில என்ன சொட்டிச்சு, யார் விக்கச் சொன்னாங்க, நீங்க என்ன பதில் குடுத்தீங்க? உங்களுக்குத் தெரியாம யாராவது ஆயில் ஊத்தினாங்களான்னும் வீட்ல விசாரிச்சுட்டு எழுதுங்க. எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்ல, நான் பெரிசு பண்ணிப் படிச்சுக்குவேன்.