ஆல்விஸ் கிரென்ஷாவின் வேகம்

எங்கள் குழுவில் யார் எப்போது தனியாக வாசிப்பது என்று முன்கூட்டிப் பேசிவைப்பது கிடையாது. வெல்டன் பிடில் வாசித்துக்கொண்டே யார் பக்கம் வில்லை நீட்டுகிறானோ, அவர் வாசிக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்த வில் என் பக்கம் திரும்பியதே இல்லை. நான் தாள கிட்டார். ஆட வந்தவர்களின் கால் தப்பாமல் சக் சக்கென்று போட்டுக்கொண்டே இருப்பவன். இல்லாதபோதுதான் என் அருமை தெரியும், நான்தான் ஒரு நாளும் லீவு போட்டதில்லையே!

"டேய் வெல்டன், ஞாயித்துக்கிழமை ஆல்விஸ் கிரென்ஷா வராரு. அவர் முன்னாடி ஒரே ஒரு தடவை என் பக்கம் நீட்டுடா."

"வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டா அது அடியிலேயே கிடக்கணும்டா லீமன். மாடிக்கு வரேன்னு அடம் பிடிக்கக் கூடாது."

"அப்ப ஞாயித்துக்கிழமை அஸ்திவாரம் இல்லாமலே வாசி."

நீட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டான்.

மின்சார கிட்டாரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று ஜனங்கள் பயந்த 1930களிலேயே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு டெக்சாஸ் முழுக்க ஆடவைத்தவர் ஆல்விஸ். என் தெய்வம். அவருடைய 'பருத்தி லாரி' இசைத்தட்டு எங்கள் பக்கத்தில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அறுபத்தெட்டில் அமரில்லோ ஊரில் அந்த இசைத்தட்டுக்காரர் வீட்டுக்கே போய், என் பேட்டரி டேப் ரிக்கார்டரில் பதிந்துகொண்டு வந்தேன். அங்கே கூட்டமும் சாப்பாடும் பேச்சுமாக இருந்ததில் பாட்டைச் சரியாகக் கேட்கவில்லை. வீட்டில் புது பேட்டரி போட்டுக் கேட்டபோது அப்படியே வாயடைத்துப்போனேன். அப்பா, என்ன வேகம்! கூடப் பாடிய பெண்ணின் குரலும் என்ன கீச்சு, என்ன இனிமை!

கிட்டார் தொடுகிற எல்லோருக்கும் அந்த டேப்பைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். எங்கள் குழுவும் அதே வேகத்தில்தான் வாசிக்கும். என் மனைவி ஓலீட்டா பாடுவாள். பாட்டு தொடங்கியதும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மரியாதையாகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு பேருக்கு முழங்கால் போயிருக்கிறது.

"மனுஷன் ஆடறதுக்கா இந்தப் பாட்டு? எனக்கு மூச்சே நின்னுடுது," என்பாள் ஓலீட்டா.

"மேதைங்க உன் மூச்சைக் கேட்டுக்கிட்டா வாசிப்பாங்க?" என்பேன்.

ஞாயிறு மதியம் நாங்கள் வாசிக்கும் நடனக் கொட்டகைக்கு ஆல்விஸ் வந்தார். எழுபத்தாறு வயது, இஸ்திரி போட்ட சட்டை. பதினைந்து வருஷமாகக் கிட்டாரைத் தொடவில்லை, இன்றும் வாசிக்கச் சொல்லக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு தட்டு பீக்கன் பருப்பு இனிப்பு சாப்பிட்டார். 'பருத்தி லாரி' தொடங்கியது. வெல்டனின் வில் என் பக்கம் நீண்டது.

நான் வாசித்தேன். பொய் சொல்வானேன், பிரமாதமாக வாசித்தேன். ஒரு சுரம் பிசகவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஆல்விஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார்! பாட்டு முடிந்ததும் மேடையிலிருந்து குதித்து ஓடினேன். காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஐயா, ஏதாவது தப்பா வாசிச்சுட்டேனா?"

"தப்பா? நல்லா வாசிச்சே தம்பி. என்னால இப்படி முடியாது."

"வாசிச்சதே நீங்கதானே ஐயா!"

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. பதினஞ்சு வருஷம் முன்னாடி லபக் ஊர்ல இதை வாசிச்சேன். 'வேகமா, வேகமா'ன்னு கத்தினாங்க. தாத்தாவுக்குக் கை போயிடுச்சுன்னு ஒருத்தன் சிரிச்சான். சரி, வயசாச்சு, நமக்கே தெரியல போலிருக்குன்னு அன்னிக்குக் கீழ வெச்சதுதான். அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல."

பேச்சை மாற்றலாம் என்று, "அந்த ரிக்கார்டுல பாடின பொண்ணு சௌக்கியமா ஐயா?" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

"கீச்சுக் குரல்ல பாடுவாங்களே…"

"பொண்ணாவது! பாடினது என் மச்சான் பஸ்டர். நூத்தி இருபது கிலோ. அவன் தொண்டையைத் திறந்தா மாட்டுக்கொட்டகையில கதவு ஆடும்."

அமரில்லோவில் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்திருக்கிறது. டேப் மெதுவாக நொண்டி நொண்டி ஓடிப் பதிந்திருக்கிறது. அதைப் புது பேட்டரியில் முழு வேகத்தில் ஓட்டினால் பாட்டு பறக்காமலும் குரல் கீச்சிடாமலும் என்ன செய்யும்? சொல்லாமல் விட்டால் அவர் காரில் ஏறிப் போய்விடுவார். நான் அவருடைய பக்தனாகவே இருந்துவிடலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன், வெட்கக்கேடு. பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கார்க் கதவை விடாமல் என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை பேருக்குக் குடுத்தே?"

"எழுபது… எழுபத்தஞ்சு."

"லபக்ல?"

"அங்கதான் ஐயா அதிகம்."

"அடப் பாவி!" என்றார். "இத்தனை வருஷம் உன்னைப் போல ஒரு ரசிகன் இல்லாம இருந்திருக்கக் கூடாதா எனக்கு?"

கதவை அறைந்து சாத்திவிட்டு விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனார். மேடையில் ஏறி, எங்கள் முதல் கிட்டார்க்காரனின் கழுத்திலிருந்து வாரைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "நீ தாளம் போடு," என்றார் என்னிடம். "ஓடினே, கொன்னுடுவேன்."

அவர் சொன்ன வேகத்தில் போட்டேன். ஓலீட்டாவுக்கு மூச்சு வாங்கவில்லை, அவள் பாடிய வார்த்தை புரிந்தது. அது ஒரு காதல் பாட்டு என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. முதலில் ஆல்விஸின் விரல் இரண்டு இடத்தில் தடுக்கியது. அப்புறம் தடுக்கவில்லை. உட்கார்ந்திருந்த கிழங்கள் ஒவ்வொரு ஜோடியாக எழுந்து வந்து ஆடத் தொடங்கின. யாரும் வேகமாக வாசி என்று கத்தவில்லை. எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை ஒழியவில்லை.

பாட்டு முடிந்தது. கொட்டகையே கைதட்டியது. ஆல்விஸ் அதைக் கவனிக்கவில்லை. இடது கையை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஒண்ணுமே ஆகலையேடா," என்றார்.