வீரபத்திரனின் ரத்த வகை

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் சாய்லக்ஷ்மிக்கு வேலை. அவள் அப்பா மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமையல். 2003-ஆம் வருஷம், தோழியின் அண்ணனுக்கு ஆபரேஷன் என்று ரத்தம் தேடி ஊரெல்லாம் அலைந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ரத்தம் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் பட்டியலை இன்டர்நெட்டில் போட்டுவிட்டால் என்ன?

ஒரே மாதத்தில் அறுபத்திரண்டு பேரிடம் படிவம் நிரப்பி வாங்கினாள். நோட்பேடில் வரிவரியாக அடித்து ஏற்றினாள். திரையில் பார்த்தால் பேரும் ஊரும் நம்பரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குழைந்த பொங்கல் மாதிரி கிடந்தன. வெப் பக்கம் செய்யக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை இரண்டு நாள் புரட்டி அட்டவணை போடக் கற்றுக்கொண்டாள். ஆளுக்கொரு வரிசை, பேர், ரத்த வகை, ஊர், போன் என்று விவரத்துக்கொரு கட்டம். பட்டியல் பளிச்சென்று நின்றது.

மூன்றாம் நாள் கே.ஜி.கண்டிகை டீக்கடைக்காரர் வீரபத்திரன் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"ஏம்மா, ஊரே என்னப் பாத்து சிரிச்சிகினு இருக்குது. என் பிளட் குரூப்பு கே.ஜி.கண்டிகையாமே?"

சாய்லக்ஷ்மி பக்கத்தைத் திறந்தாள். ஆமாம், ரத்த வகைக்கு நேராகக் கே.ஜி.கண்டிகை. ஊருக்கு நேராகப் போன் நம்பர். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"குரூப் தெரியாதுன்னு படிவத்துல எழுதாம விட்டுட்டீங்கண்ணா. நானும் அந்தக் கட்டத்தையே போடாம விட்டுட்டேன். பின்னாடி இருந்ததெல்லாம் ஒரு கட்டம் முன்னாடி வந்துடுச்சு. தப்பு என்னுதுதான்."

"அப்ப காலியா ஒரு கட்டம் போட்டுடு, போறேன்."

"எதுக்குண்ணா காலியா? கீழதான லேப் இருக்குது, வாங்க."

ஊசி என்றதும் வீரபத்திரனின் முகம் வெளுத்தது. ஆனால் கடையில் சிரித்தவர்களை நினைத்துக்கொண்டு போனார். பி நெகட்டிவ் என்று வந்தது. சுலபத்தில் கிடைக்காத வகை என்றார் லேப்காரர். சாய்லக்ஷ்மி அன்றே கட்டத்தை நிரப்பினாள்.

பதினைந்து நாள் கழித்து, மத்தியான நேரம், டீக்கடைக்குப் போன் வந்தது. திருவாலங்காட்டிலிருந்து தணிகைவேல் என்பவர். மனைவிக்குப் பிரசவம், ஆபத்தான நிலை, பி நெகட்டிவ் வேண்டும். சென்னையில் இருக்கும் தம்பி அந்தப் பக்கத்தைப் பார்த்து நம்பர் கொடுத்தாராம்.

வீரபத்திரன் பாய்லரை அணைத்துவிட்டு ஆட்டோவில் நேராகப் பிரவுசிங் சென்டருக்கு வந்தார்.

"நீயும் வாம்மா. நீ இருந்தா ஓடிப்போவ மாட்டேன்."

ஆஸ்பத்திரியில் கண்ணை இறுக்க மூடிப் படுத்துக்கொண்டு, ஊசி ஏறி இறங்கும்வரை டீத்தூள் விலையைப் பற்றி விடாமல் பேசினார். சாய்லக்ஷ்மி "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டே நின்றாள். சாயங்காலம் தாயும் பெண் குழந்தையும் நலம் என்று சொன்னார்கள். தணிகைவேல் வீரபத்திரனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் வீரபத்திரன் மறுபடியும் மாடியேறினார்.

"ஏம்மா, என் பேருக்குப் பக்கத்துல டீக்கடைன்னு ஒரு கட்டம் போடேன்."

"விளம்பரமெல்லாம் கூடாதுண்ணா" என்று சிரித்தவள், 'கடைசியாக ரத்தம் கொடுத்த நாள்' என்று எல்லார் பேருக்கும் நேராகப் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள். ஒருமுறை கொடுத்தவர் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம்; அதுவரை அவரை யாரும் கூப்பிடாமல் இருக்க அது தேவைப்பட்டது. அறுபத்திரண்டு பேரில் அவருக்கு மட்டும்தான் அதில் தேதி இருந்தது.

அதைக் காட்டுவதற்கென்றே தினம் இரண்டு வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாதம் முடிவதற்குள் இன்னும் மூன்று பேரின் கட்டங்களில் தேதி ஏறியது.